வலது பக்கப் பை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை. ஒரு காலை நேரத்தில் அது என் அலுவலக மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தது. அப்போது நான் அரசுக்காக மறுப்பறிக்கை எழுதுபவன். ஓய்வு பெற்றபின் கதை எழுதப்போகிறேன் என்றதும் மனைவி சிரித்தாள்: “இவ்வளவு நாளா வேற என்ன எழுதுனீங்க?”

முதல் தொடக்கம்: ‘மலைமேல் பனி கொட்டிக்கொண்டிருந்த

(அடித்துவிட்டேன். அந்த மலையை நான் பார்த்ததே இல்லை. எங்களுடையது என்று மட்டும் நூறு தடவை எழுதியிருக்கிறேன். எதிர்நாட்டிலும் ஒருவர் அதையே எழுதிக்கொண்டிருந்திருப்பார்.)

2

இரண்டு நாட்டிடமும் அணுகுண்டு இருந்தது. நேருக்கு நேர் மோதினால் இரு பக்கமும் சாம்பல். அதனால் சிப்பாய்களைச் சாதாரண உடையில் மலைக்கு அனுப்பிவிட்டு, “அவர்கள் யாரோ, எங்களுக்குத் தெரியாது” என்று கைகழுவுவது வழக்கம். கைகழுவும் வாக்கியம் என் பொறுப்பு.

சட்டைகள் ஒரு தையற்காரரின் பொறுப்பு. ராணுவத் தையற்கூடத்தில் முந்நூறு சட்டை தைத்தார். சின்னம் கூடாது, எண் கூடாது, எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று உத்தரவு. அளவுப் பட்டியலில் அவர் மகன் பெயரும் இருந்தது. மகன் இடதுகைக்காரன். அப்பா மனசு கேட்கவில்லை. அந்த ஒரு சட்டைக்கு மட்டும் மார்புப் பையை இடது பக்கத்துக்குப் பதிலாக வலது பக்கம் வைத்துவிட்டார்.*

*இவரைக் கொஞ்சம் கோபக்காரராக மாற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

3

எதிர்நாடு ஒரு சடலத்தின் படத்தை வெளியிட்டது. முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். ‘உங்கள் ஆள் என்று ஒப்புக்கொண்டால் தருகிறோம், இல்லாவிட்டால் இங்கேயே புதைப்போம்.’ அந்தப் படம் வந்த செய்தித்தாளோடுதான் தையற்காரர் என்னிடம் வந்தார்.

“இது என் பையன் சார். பை வலது பக்கம் இருக்கு பாருங்க.”

“படத்தைத் திருப்பி அச்சடிச்சிருப்பாங்க ஐயா. கண்ணாடியில பாக்கற மாதிரி பக்கம் மாறிடும்.”

என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே ஒரு நொடி பெருமை வந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அவர் தன் சட்டைப் பொத்தான்களைத் தொட்டுக் காட்டினார். “அப்படின்னா பட்டன் பக்கமும் மாறியிருக்கணுமே சார். அது சரியாத்தானே இருக்கு?”

நான் செய்தித்தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

“‘இந்தச் சட்டை போட்டிருக்கறவன் எங்க ஆளு’ன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. அவங்க அம்மா ஒரு தடவை முகத்தைப் பாத்துக்கட்டும்.”

“இந்த மாதிரிச் சட்டை ஆயிரம் இருக்கும் ஐயா” என்றேன்.

செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார். மறுப்பறிக்கை அன்று மதியமே வெளியானது. அவனை அங்கேயே புதைத்தார்கள்.

4

வேறு முடிவுகள்:

அ) நான் அந்த வரியை எழுதுகிறேன். போர் மூள்கிறது. இரண்டு தலைநகரமும் எரிகின்றன. (மேலதிகாரிக்குப் பிடித்த முடிவு.)

ஆ) நான் அந்த வரியை எழுதுகிறேன். நாலு நாள் கூச்சல், அவ்வளவுதான். பையன் வீட்டுக்கு வருகிறான், அம்மா முகத்தைப் பார்க்கிறாள்.

என்னைத் தூங்கவிடாதது ஆ.

5

எனக்கு இதற்கு முடிவு எழுத யோக்கியதை இல்லை. அவர் கேட்ட வரியை மட்டும் இத்தனை வருடம் கழித்து எழுதிப் பார்க்கிறேன். பழகிய கை, பாதியில் நின்றுவிடுகிறது. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். அவர் கேட்டபோது நீங்கள் அந்த அறையில் இல்லை, உங்களால் முடியும்.

இந்தச் சட்டை போட்டிருப்பவன் எங்கள்