ஆறாவது மாடியின் பதில்

1

மார்ச் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை முற்பகலில், எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் வாசலிலிருந்த இன்டர்காம் பலகை கழற்றப்பட்டது. ஆறாவது மாடியில் ஆளில்லாத வீட்டுக்குப் போகும் கம்பி சுவருக்குள்ளேயே அறுந்து கிடந்ததை எலக்ட்ரீஷியன் காட்டினார்.

அந்தக் கம்பியிலிருந்து கதை தொடங்கியது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இது தொடங்கியது மூன்றாவது மாடியில், என் சமையலறையில். அக்காவின் நாத்தனார் அக்காவுக்குத் தெரியாமல் மேலே வந்து, உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்: “தம்பி, நாங்க யார்கிட்டயோ சொல்லக்கூடாத ஒண்ணச் சொல்லிட்டோம்னு நினைக்கிறேன்.”

2

அக்காவும் நாத்தனாரும் சபையிலிருந்து நற்செய்தி சொல்ல வீடுவீடாகப் போகிறவர்கள். எப்போதும் இருவராகத்தான். எங்கள் கட்டடத்தில் வாசலிலேயே நின்று பொத்தான்களை அழுத்துவார்கள். ஒருவர் பேசுவார், மற்றவர் கதவில் கைவைத்து ஜெபிப்பார். அக்கா பேசுவது ஒரே வாக்கியம்தான்: “கடவுள் உங்கள நேசிக்கிறார், அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.” எதிர்முனையில் ஏதாவது பதில் வந்தால், கூடவே ஒரு வேண்டுகோள்: “நீங்களும் இன்னொருத்தர்கிட்ட சொல்லுங்க.” பதில் சொன்னது யார் என்று கேட்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை.

இங்கே குடியிருக்கும் வக்கீலுக்குச் சொல்லியிருக்கிறாள். நாயை விட்டுக் குரைக்க வைத்தவருக்கும் சொல்லியிருக்கிறாள். என் பொத்தானை மட்டும் தாண்டிப் போய்விடுவாள்.

(அப்பாவின் அடக்கத்தன்று நான் ஜெபத்துக்கு நிற்கவில்லை. “உன் வாசல இனி மிதிக்க மாட்டேன்” என்றாள். “மிதிக்காதே” என்றேன். நான்கு வருடங்களாக இருவருமே சொன்ன சொல் தவறவில்லை.)

3

தொடக்கங்கள் சில எழுதிப் பார்த்தேன்.

‘அந்தக் குரல் எங்கிருந்தோ வருவதுபோல்’ — வேண்டாம். எல்லாப் பேய்க்கதைக் குரல்களும் அங்கிருந்துதான் வருகின்றன.

‘ஆறாவது மாடியில் ஒரு காலத்தில் ஒரு’ — இதையும் விட்டுவிடுகிறேன். விசாரித்தேன். கட்டியதிலிருந்து அந்த வீட்டில் யாரும் குடியிருந்ததே இல்லை. செத்துப்போகக்கூட ஆள் இருந்ததில்லை.

ஆகவே நாத்தனார் சொன்னபடியே தருகிறேன்.

“அக்கா கை தவறி அந்த ஆறாவது மாடிப் பொத்தான அமுக்கிட்டா. பதில் வந்துச்சு. ஆம்பளையா பொம்பளையான்னு தெரியல. ‘இன்னொரு தடவை சொல்லுங்க’ன்னுச்சு. சொன்னா. ‘என்னையுமா?’ன்னுச்சு. ‘உங்களையுந்தான்’னா. அப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல தம்பி. வச்சிட்டாங்கன்னு நாங்க திரும்பினோம். அப்ப, ‘சரி, நான் யார்கிட்ட சொல்லட்டும்?’ன்னு கேட்டுச்சு. எல்லார்கிட்டயும் சொல்லுங்கன்னுட்டா உங்கக்கா.”

4

மறுநாளிலிருந்து வீடுகளில் மணி அடித்தது. எடுத்தவர்கள் கேட்டது அக்காவின் வாக்கியம், அட்சரம் பிசகாமல்.

செக்யூரிட்டி என்னிடம் புலம்பினார். “நான் வாசல்லயேதான் சார் இருக்கேன். பலகை பக்கம் ஒரு ஈ காக்கா வரல. வக்கீல் நம்பவே மாட்டேங்கிறாரு. கடவுள் மேல கேஸ் போட முடியாதாம், அதனால என் மேல போடுறாராம்.”

“யாராவது விளையாடுறாங்களா?”

“விளையாடுறவன் சிரிப்பான்ல சார். இது நன்றி சொல்லிட்டு வைக்குது.”

இந்தக் குரல் என்ற பாத்திரத்தை நான் நம்பவில்லை என்பதை வாசகர் குறித்துக்கொள்ளலாம். ஈரச்சுவர், கலந்துபோன கம்பிகள் என்று காரணம் காட்டி இரண்டு பத்தி எழுதியும் வைத்திருந்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் என் ரிசீவரும் அடித்தது. அதோடு அந்தப் பத்திகளை எடுத்துவிட்டேன்.

“கடவுள் உங்கள நேசிக்கிறார், அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

“யாரு?”

“இத உங்க அக்கா சொல்லணும். இன்னும் சொல்லல. அதான் நான் சொல்லிப் பார்த்தேன்.” பிறகு, “ஆனா நான் சொன்னா உங்களுக்குப் பத்தாது, இல்லையா?” என்றது.

குரலில் மிரட்டல் இல்லை. வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்தவரின் அக்கறை இருந்தது. ரிசீவரை வைத்தபின் வெங்காயத்தைப் பாதியில் விட்டது அதனால்தான்.

இதை நாத்தனாரிடம் சொன்னேன். அவர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா அன்று சாப்பிடவில்லையாம். “என் வேலைய வேற எதுவோ செய்யுது” என்று மட்டும் சொன்னாளாம்.

5

முடிவுகள்.

அ. பலகை மாற்றப்படுகிறது, குரல் நிற்கிறது, அக்கா வரவில்லை. நடக்கக்கூடியது. இதைத்தான் எதிர்பார்த்தேன்.

ஆ. ஆறாவது மாடிப் பூட்டை உடைக்கிறார்கள். உள்ளே (இங்கே எதை எழுதினாலும் பொய்யாகிவிடுகிறது. உடைத்தார்கள். தூசி இருந்தது. அதில் ஒரு காலடித்தடமும் இல்லை.)

இ. சனிக்கிழமை நடந்தது.

பலகையைக் கழற்றி முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். என் ரிசீவர் அடித்தது. எடுத்தேன்.

“டேய்.” அக்காவின் குரல். “மேல வரட்டுமா?”

கீழ்வாசல் கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தினேன். பிறகு ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். எலக்ட்ரீஷியன் படியில் உட்கார்ந்திருந்தார். பலகை அவர் மடியில் இருந்தது, கம்பிகள் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தன.

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது. அக்கா தனியாக வந்திருந்தாள். நிலைக்கு வெளியே நின்றாள்.

“கதவ எப்படிடா திறந்த? நான் பெல்லே அடிக்கலையே.”

“நீதானே மேல வரட்டுமான்னு கேட்ட.”

“நான் கீழ வாயே திறக்கல. அடிக்கிறதுக்குப் பலகை எங்க இருக்கு? திரும்பிப் போயிடலாம்னு நினைச்சேன். கதவு தானா திறந்துச்சு.”

இருவரும் சுவரிலிருந்த ரிசீவரைப் பார்த்தோம். அது அடிக்கவில்லை.

“உள்ள வா” என்றேன்.

குனிந்து நிலைப்படியைப் பார்த்தாள். மிதிக்காமல் தாண்டி வந்தாள். “மிதிக்க மாட்டேன்னுதானே சொன்னேன்” என்றாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். குடித்துவிட்டு அவள் சொன்ன வாக்கியம் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதை எழுதப் போவதில்லை. வாசகர் தன் வீட்டு வாசலில் யாரை நிறுத்திவைத்திருக்கிறாரோ, அவருக்குச் சொல்லும் பதிலை அங்கே இட்டுக்கொள்ளலாம்.

புதிய பலகை திங்கட்கிழமை பொருத்தப்பட்டது. ஆறாவது மாடிக்கு அதில் பொத்தான் இல்லை.