தஸ்தகீர் பாயின் இரண்டாவது ஆடு

மேற்குத் தாம்பரத்தில் மொசைக் கல் வியாபாரம் செய்துவந்த தஸ்தகீர் பாய் அந்த வருஷம் பக்ரீதுக்கு வாங்கியதை வெறும் ஆடு என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ராஜஸ்தானிலிருந்து லாரியில் வந்த உருப்படி அது. வாசலில் தனிப் பந்தல், கழுத்தில் மல்லிகைச் சரம், சாயங்காலமானால் சீரியல் லைட். ஏர்ஃபோர்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்துகூடக் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இறைவன் ஒருவனுக்கென்று குர்பானி கொடுக்க வாங்கியதை ஊர் முழுக்கப் பார்த்தாகிவிட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. பெருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜமாத் தலைவர் தேர்தல். அந்த நாற்காலி மேல் பாய்க்கு ரொம்ப நாளாக ஒரு கண். எதிரே நிற்பவர் மரம் அறுக்கும் மில் வைத்திருக்கும் சாமில் கமருத்தீன், அதிகம் பேசாத மனுஷர். பேசாதவரை எப்படித் தோற்கடிப்பது என்று விளங்காமல், பாய் கறியால் தோற்கடிப்பதென்று முடிவு செய்தார். தொழுகை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும்போது முதல் பொட்டலம் தன்னுடையதாக இருக்க வேண்டும். முதலில் வருவதுதான் பிரியாணியாகும், பின்னால் வருவதெல்லாம் உப்புக்கண்டம்தான் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கில் மண்ணைப் போட்டவன் கசாப்புக்கடைச் சேட்டு. பெருநாளன்று அத்தனை தெருவுக்கும் அவன் ஒருத்தன்தான்.

"தொழுகை முடிஞ்சதும் மொத ஆடு கமருத்தீன் பாயோடது. போன மாசமே வாக்கு குட்த்துட்டேன். அப்பால உங்களுது" என்றான்.

"அப்ப தொழுகைக்கு முன்னாடியே என்னுதை முடிச்சுடு."

"இன்னா பாய், இன்னும் தொழுவவே இல்லியே?"

"அல்லா மனசைத்தாண்டா பாக்கறான், கடிகாரத்தை இல்ல."

இந்த மாதிரி வசனமெல்லாம் பாய்க்குத் தங்குதடையில்லாமல் வரும். "எதுக்கும் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன்" என்று மனைவி பல்கீஸ் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விடிந்ததும் விடியாததுமாகக் கொல்லையில் காரியம் முடிந்தது. தொடை ஹெட்மாஸ்டர் வேதசிரோமணிக்கு, ஈரல் ஈ.பி. ஆபீசருக்கு, நெஞ்சுக்கறி ஜமாத்தில் கை தூக்கக்கூடிய புள்ளிகளுக்கு. ஏழைகளுக்கென்று மார்க்கம் ஒதுக்கச் சொன்ன பங்கில் எலும்பு தாராளமாக இருந்தது.

பிறகு அத்தர் பூசிக்கொண்டு போய்ப் பள்ளிவாசலில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். தொழுகைக்கு முன்னால் ஹஜ்ரத் பேசினார். "தொழுவதற்கு முன்பு அறுத்தால் அது குர்பானி ஆகாது. வீட்டுக்குக் கறி வாங்கிய மாதிரிதான். அப்படி அறுத்தவர் இன்னொன்று கொடுத்தாக வேண்டும்" என்றார். வருஷா வருஷம் அவர் சொல்வதுதான். பாய்தான் வருஷா வருஷம் பேச்சு முடிந்த பிறகு வருவார். முதல் வரிசைக்கு ஆசைப்பட்டு இந்தத் தடவை சீக்கிரம் வந்து மாட்டிக்கொண்டார். ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

வீடு திரும்பும்போது வேதசிரோமணி கேட்டிலேயே நின்றிருந்தார். "பாய், நீங்க இன்னும் தொப்பியைக்கூடக் கழட்டலை, அதுக்குள்ள கறி வந்துடுச்சு! ஆர்கனைசேஷன்னா இதுதான்!" தெருவெல்லாம் அதே பாராட்டு. ஒவ்வொன்றும் பாய்க்குச் சுருக்கென்று தைத்தது.

"ஊருக்கு விருந்து வெச்சாச்சு. கடமை அப்படியே நிக்குது" என்றாள் பல்கீஸ். "நாளன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் டயம் இருக்குங்க. இன்னொண்ணு வாங்கிக் குடுத்துடுங்க."

"வாசல்ல இன்னொரு ஆடு நின்னா எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா? இந்தச் சட்டம்கூடத் தெரியாதவனையா தலைவராக்குவாங்க?"

கொடுக்காவிட்டால் அல்லாவுக்குப் பயம், கொடுத்தால் ஊருக்குப் பயம். இரண்டு நாளும் ஊர்தான் ஜெயித்தது. மூன்றாம் நாள் காலையில் சோறு இறங்கவில்லை. எழுந்து கூடுவாஞ்சேரிக்குப் போய், ஒல்லியானாலும் ஊனமில்லாத ஒரு கிடாவைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரும்புலியூரில் சேட்டுவின் வீட்டுக் கொட்டகையில், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, கால்களைத் தானே பிடித்தார். கிடா அவரைப் பார்த்தது. அவரும் அதைப் பார்த்தார். ராஜஸ்தான் ஆட்டை அவர் இப்படிப் பார்த்ததே கிடையாது. அதைப் பார்க்க வந்தவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபடியே, அல்லாவின் பேரால் என்று பிஸ்மி சொன்னார்.

கறியை என்ன செய்வது? தெரு முழுக்க இவர் கொடுத்த கறிதான் இன்னும் சட்டியில் கொதிக்கிறது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ரயில்வே லைனோரத்துக் குடிசைகளுக்குக் கொண்டுபோனார். எலும்பு பார்த்துப் பிரிக்க அவகாசமில்லை. நல்லதும் அல்லாததும் கலந்து வீட்டுக்கு வீடு போனது.

"யாரு குட்த்து வுட்டாங்கோ? பேரு சொல்லுப்பா, கொயந்திங்க வாய்த்தும்" என்றாள் கிளியம்மாள் என்ற பெண்.

தன் பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் அதைச் சொல்லியே பழகிய நாக்கு. சொன்னால் நாளைக்கே மார்க்கெட் முழுக்கப் பரவும், எதற்கு இரண்டாவது ஆடு என்ற கேள்வியும் கூடவே வரும். பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். "சாமில் கமருத்தீன் பாய்."

ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசல் முற்றத்தில் ஜமாத் கூடியிருந்தது. கை தூக்கச் சொல்வதற்குள் வாசலில் ஒரே சத்தம். கிளியம்மாளும் நாலைந்து பெண்களும் நின்றிருந்தார்கள்.

"கமருத்தீன் பாய் யாருப்பா? அவ்ரு கூட்டாள் தலைல துண்ட கட்டிகினு வந்து வூடு வூடா கறி குட்த்தாம்பா. வெறும் எலும்பா இல்லாம நல்ல கறி எங்க பக்கம் யாரு தர்றா? கொயந்திங்க வவுறு ரொம்பிச்சி. அத்த சொல்லிட்டு போலாம்னு வந்தோம்."

பக்கத்திலேயே அத்தர் வாசனையோடு நின்ற தஸ்தகீரை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான் அனுப்பலையேம்மா" என்றார் கமருத்தீன், திகைத்துப்போய்.

"சொல்லிக்கக்கூடாதுன்னு பாக்கறார்" என்றது கூட்டம். "நிஜமாவே நான் இல்லீங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, அவர் அடக்கத்தைப் பார்த்துப் பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கைகள் மளமளவென்று உயர்ந்தன. நெஞ்சுக்கறி வாங்கிய கைகளும் அதில் இருந்தன.

தஸ்தகீருக்கு வயிறு எரிந்தது. எல்லாம் முடிந்து கமருத்தீன் வந்து அவரைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "சத்தியமா அது நான் இல்ல பாய். எவனோ ஒரு நல்ல மனுஷன் செஞ்சது என் கணக்குல சேந்துடுச்சு. யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. இப்பவே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். பாவம், மனசு கோணிடும் அவனுக்கு."

பாய் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேர் திரும்பி வந்துவிடும்.

"கோணாது பாய். விடுங்க" என்றார். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது.