கதை என்று எழுதிய அட்டை

1

இந்தக் கதை வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வரும் பஸ்ஸில் என் காதில் விழுந்தது. முன் இருக்கையில் இரண்டு ரீச்சர்மார். ஒருவர் சொல்ல, மற்றவர் “ஓம், ஓம்” போட்டுக்கொண்டு வந்தார். முறிகண்டியில் எல்லோரும் பிள்ளையாரைக் கும்பிட இறங்கினோம். திரும்பி ஏறியபோது அந்த இருக்கையில் கச்சான் கடலைப் பையோடு ஒரு தடித்த மனிதர். ரீச்சர்மார் கடைசி இருக்கைக்குப் போய்விட்டார்கள். கதையின் முடிவும் அவர்களோடு பின்னால் போய்விட்டது. ஆகவே கேட்டதை வைத்துக்கொண்டு மீதியை நானே இட்டுக்கட்டுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: “இரணைமடுக் குளத்து நீர் வாய்க்கால்களில் வெள்ளியாய் உருகியோட, கண்ணுக்கெட்டிய தூரம்வரை பச்சைக் கம்பளம் விரித்த...”

வேண்டாம்.

தொடக்கம் இரண்டு: “கமலாசனி அழகானவள்.” அவர் எப்படி இருந்தார் என்று பஸ்ஸில் யாரும் சொல்லவில்லை. நானாகச் சொல்வது மரியாதையுமில்லை.

தொடக்கம் மூன்று: கமலாசனி ரீச்சர் சங்கக்கடைக்குப் போய்ச் சவர்க்காரப் பெட்டி கேட்டார்.

“சவர்க்காரம் எத்தினை வேணும் ரீச்சர்?”

“சவர்க்காரம் வேண்டாம். வெறும் பெட்டி காணும்.”

இது பரவாயில்லை. இப்படியே போவோம்.

3

உருத்திரபுரத்துப் பக்கம் நான் ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருக்கிறேன். கிடுகுக் கூரை, அரைச்சுவர். (சுவருக்கு மேலால் மாடு எட்டிப் பார்க்கும். அதை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை.) வருடம் 1962. படிப்பவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த கமக்காரரின் பிள்ளைகள். அரிவரி வகுப்புக்கு, அதாவது எழுத்தறியும் முதல் வகுப்புக்கு, கமலாசனி பயிற்சிக் கலாசாலையிலிருந்து புதிதாக வந்திருந்தார். கையோடு ஒரு புது முறையையும் கொண்டுவந்தார். எழுத்தெழுத்தாகக் கூட்டாமல் முழுச்சொல்லையும் பார்த்தவுடனே அறிய வேண்டும். சவர்க்காரப் பெட்டிகளை வெட்டி, அட்டைக்கு ஒரு சொல்லாகப் பெரிதாக எழுதினார்.

தலைமை வாத்தியார் வீரகத்திக்கு இது பொறுக்கவில்லை.

“பிள்ளை, ஆனா தெரியாததுகளுக்கு அம்மா எப்பிடித் தெரியும்?”

“அம்மாவைக் கை வேறை கால் வேறையாப் பாத்தே சேர் பழகினதுகள்? முழுசாத்தானே பாத்ததுகள்.”



[இடைக்குறிப்பு: முறை சரியா பிழையா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆரம்பத்தில் பிள்ளைகள் சொல்லைப் பார்க்கவேயில்லை. ‘வா’ அட்டையின் மூலையை எலி கடித்திருந்தது. ஆகவே எலி கடித்த அட்டையெல்லாம் அவர்களுக்கு ‘வா’. ஒரு கிழமைக்குள் எலி இன்னும் பல சொற்களை ‘வா’ ஆக்கிவிட்டது. கமலாசனி எல்லா அட்டையையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.]

4

இலட்சுமி என்ற பாத்திரத்தில் எனக்கு ஐயமும் ஐமிச்சமும் இருக்கிறது. பேசாத பிள்ளை என்றதும் வாசகர் கண்ணைத் துடைக்க லேஞ்சியைக் கையில் எடுத்துவிடுவார். தயவுசெய்து வேண்டாம். வீட்டில் அவள் பெரிய வாயாடி. பள்ளிக்கூடப் படலைக்குள் கால் வைத்தால்தான் வாய் பூட்டிக்கொள்ளும். அரிவரியில் அவளுக்கு இது இரண்டாம் வருடம். இதுவரை ஒரு சொல் வரவில்லை.

தகப்பன் ஒரு நாள் வயலிலிருந்து நேரே, சேற்றுக் காலோடு வந்தார்.

“ரீச்சர், இந்தமுறையும் வகுப்பேத்தாட்டி பிள்ளையை மறிச்சுப்போடுவன். வீட்டிலை மாடு, கண்டுகாலி பாக்க ஆளில்லை.”

அதற்குப் பிறகுதான் கமலாசனிக்கு அந்த யோசனை வந்தது. வாயால் சொல்ல வேண்டாம், அட்டையைப் பார்த்து வகுப்பே செய்து காட்டினால் போதும். ‘எழும்பு’, ‘இரு’ (அதாவது உட்கார்), ‘ஓடு’, ‘சிரி’. இலட்சுமி எல்லாவற்றையும் பிழையில்லாமல் செய்தாள். ‘சிரி’க்கு முன்பல் இரண்டும் இல்லாத ஒரு சிரிப்பு வந்தது. கமலாசனி குசினிக்குள் போய் அழுதார். [பள்ளிக்கூடத்தில் ஏது குசினி? நின்ற இடத்திலேயே அழுதார். சந்தோஷத்தில்.]

வீரகத்தி மசியவில்லை.

“விளையாட்டை விடும். பள்ளிக்கூடம் பாக்க வாற இன்ஸ்பெக்டருக்கு முன்னாலை வாய் துறந்து வாசிச்சால் வகுப்பேத்துவம். இல்லாட்டி உம்மடை அட்டையும் இல்லை, அந்தப் பிள்ளையும் இல்லை.”

5

இன்ஸ்பெக்டர் கதிர்காமநாதனைக் கெட்டவராக்கினால் எனக்கு வேலை சுகம். ஆனால் அந்த வெயிலில் சைக்கிள் உழக்கி வந்து, வேர்வையைத் துடைக்குமுன் பிள்ளைகளிடம் “சுகமோ?” என்று கேட்ட மனிதரை எப்படிக் கெட்டவராக்குவது? அவர் கதிரையில் அமர்ந்து அட்டைக்கட்டை வாங்கினார்.

“ரீச்சர், நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். நானே காட்டிறன்.”

முதலில் தூக்கியது ‘இரு’.

வகுப்பு ஏற்கெனவே இருந்துகொண்டுதான் இருந்தது. இப்போது இன்னும் இறுக்கமாக இருந்தது. அப்புத்துரை என்ற பொடியன் மூச்சையும் பிடித்துக்கொண்டு இருந்தான்.

“ஒருத்தருக்கும் தெரியாதோ?” என்றார் இன்ஸ்பெக்டர், மனவருத்தத்தோடு. வீரகத்தி திருப்தியாகக் கூரையைப் பார்த்தார்.

அடுத்தது ‘கதை’.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் கேட்பதும் கதை, ‘பேசு’ என்பதும் கதை. வெள்ளிக்கிழமைக் கதை நேரத்துக்கென்று கமலாசனி எழுதியது முதலாவது. பிள்ளைகள் வாசித்தது இரண்டாவது. அட்டை தூக்கினால் செய்ய வேண்டும் என்பதல்லவா பழக்கம்?

வகுப்பு முழுவதும் கதைக்கத் தொடங்கியது. பட்டம், பாம்பு, அப்புத்துரையின் தமையன் வாய்க்காலில் விழுந்தது, எல்லாம் ஒரே நேரத்தில். சுவருக்கு மேலால் பார்த்த மாடு தலையை எடுத்துக்கொண்டது.

“கதையாதேங்கோ!” என்று கத்தினார் இன்ஸ்பெக்டர்.

கப்சிப். அந்த அமைதியில் ஒரு குரல் மட்டும் எழுந்தது.

இன்ஸ்பெக்டரின் வாய் ஒன்று சொன்னது. கையோ இன்னும் அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தது. இலட்சுமி வாசித்தது கையை.

“எங்கடை வீட்டை ஒரு நாம்பன் மாட்டுக்கண்டு நிக்குது. ஐயா அதுக்குப் பேர் வைச்சது பெரிய வாத்தியார் எண்டு. ஏனெண்டால் அது மத்தியானம் முழுக்கப் படுக்கிறது. எழுப்பினால் கோவம் வாறது...”

வீரகத்தியின் பார்வை கூரையிலிருந்து இறங்கியது. கமலாசனி வாயைப் பொத்திக்கொண்டார். அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

6

பஸ்ஸில் கேட்டது இவ்வளவுதான். இனி முடிவுகள்.

(அ) இன்ஸ்பெக்டருக்கு விஷயம் விளங்கி, எல்லோரையும் வகுப்பேற்றி, கமலாசனியின் கையைக் குலுக்கி... அந்தக் காலத்தில் ஆர் ரீச்சர்மாரின் கையைக் குலுக்கினது? அடித்துவிட்டேன்.

(ஆ) அவருக்கு விளங்கவில்லை. அட்டைகள் வீரகத்தி வீட்டு அடுப்புக்குப் போகின்றன, இலட்சுமி கன்றுகளோடு போகிறாள். இப்படியும் நடந்திருக்கலாம், நடந்திருக்கிறது. எழுதிப் பார்த்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

(இ)

(இ) வரவில்லை. வராததற்குக் காரணம் இலட்சுமி இன்னும் நிறுத்தவில்லை. நாம்பன் முடிந்து தாய்ப்பசுவுக்கு வந்துவிட்டாள். இரண்டு வருடக் கதை உள்ளே கிடந்தது. இன்ஸ்பெக்டருக்குக் கை உளைகிறது. ஆனாலும் இறக்கினால் அவள் நிறுத்திவிடுவாளோ என்ற பயம் அவருக்கும் வந்துவிட்டது போலிருக்கிறது. மற்றக் கையை முண்டு கொடுத்துப் பிடித்திருக்கிறார்.

அவள் நிறுத்தினால்தான் அவர் தீர்ப்புச் சொல்ல முடியும். அவர் சொன்னால்தான் எனக்கு முடிவு கிடைக்கும். கமலாசனியோ எத்தனையோ அட்டை எழுதியவர், ‘போதும்’ என்று ஒன்று எழுதவேயில்லை. அப்படி ஒன்று இந்தப் பிள்ளைக்குத் தேவைப்படும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

மேசையில் ஒரு வெற்று அட்டை கிடக்கிறது. பக்கத்தில் மைக்கூடு. அந்தச் சொல்லை எழுதி அவளுக்கு முன்னால் தூக்கிப் பிடிக்க உங்களுக்கு மனம் வருமென்றால், இந்தாருங்கள் பேனா. நான் எழுத மாட்டேன். அவள் இன்னும் மாடுகளே முடிக்கவில்லை, மனிதர்கள் எல்லோரும் மிச்சம் இருக்கிறார்கள்.