பெல்ட்டு அறுந்த பழி

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்தச் சனிக்கிழமை பழி முழுவதும் நேசபாய் தலையில்தான் விழுந்தது.

சிதறாலுக்குக் கிழக்கே ஆற்றங்கரையில், ஒரே சபையைச் சேர்ந்த ஏழெட்டு வீட்டார் கூட்டாக ஓர் ஆயில் எஞ்சினும் பம்பும் போட்டிருந்தார்கள். முறை வைத்துத் தோட்டங்களுக்குத் தண்ணீர் பாயும். எஞ்சின் சுற்றுவதைப் பம்புக்குக் கொண்டு சேர்ப்பது உள்ளங்கை அகலத் தோல் பெல்ட்டு. அதைப் பராமரிக்கும் பொறுப்பை டீக்கன் ஜஸ்டஸிடம் விட்டிருந்தார்கள். கோயிலில் காணிக்கைத் தட்டு எடுக்கிற மனிதர், அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

சனிக்கிழமை நேசபாயின் முறை. கோடைக்காலம், வாழை குலை தள்ளுகிற சமயம். எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, பெல்ட்டு தையலோடு பிய்ந்து தகரக் கூரையில் அடித்து விழுந்தது.

சத்தம் கேட்டு ஜஸ்டஸ் வந்தார், பின்னாலேயே மற்ற வீட்டாரும். பெல்ட்டை மோந்து பார்த்தார். பிறகு அவள் பக்கமாகக் குனிந்து, கையையும் மோந்தார்.

"தேங்கா எண்ணெய தேச்சிருக்கா. தோலு ஊறிப் பிஞ்சு போச்சு."

மகளுக்குத் தலை வாரிவிட்டு வந்த கை, மணக்காமல் என்ன செய்யும்? தேங்காய் எண்ணெய் மணக்காத பெண் கை விளவங்கோடு தாலுகாவிலேயே கிடையாது. அந்த நியாயப்படி பார்த்தால் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பெல்ட்டு அறுத்தவர்கள்தான்.

"நான் அதத் தொடவே இல்ல அண்ணாச்சி. ஓடுத பெல்ட்டுல கை வச்சா வெரலு மிஞ்சுமா?"

"புதுப் பெல்ட்டு நீங்கதான் வாங்கித் தரணும். அதுவர ஒரு தோட்டத்துக்கும் வெள்ளம் பாயாது. வந்தாலும் ஒங்க முற கடைசியிலதான்."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவளை முறைத்தார்கள். அவள் கணவன் யோவான் மண்ணைப் பார்த்துக்கொண்டு, "செரி அண்ணாச்சி" என்றான். ஜஸ்டஸ் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இந்த 'செரி'தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

எஞ்சின் பூட்டிய அன்று நாகர்கோவில் மேஸ்திரி எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. பெல்ட்டு தளர்ந்தால் அடிப்போல்ட்டுகளை இளக்கி, எஞ்சினைப் பின்னால் தள்ளி இறுக்கினால் போதும், கத்தியை எடுக்க வேண்டாம். ஜஸ்டஸோ, "தோலு நீண்டுபோச்சு" என்று சொல்லிச் சொல்லி வெட்டிக்கொண்டே இருந்தார். நீண்ட பெல்ட்டுக்கு எஞ்சின் பின்னால் அல்லவா போயிருக்க வேண்டும்? இது பம்பின் மடியில் ஏறாத குறையாக முன்னால் கிடந்தது! வெட்டி வெட்டிக் குட்டையாக்கிவிட்டு, அதையும் இழுத்துப் பூட்டினால் பிய்யாமல் என்ன செய்யும்?

வாய்விட்டும் சொன்னாள். "எஞ்சின் காரியம் பொம்பளைக்கு என்னட்டி தெரியும்?" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார்கள். மேஸ்திரி சொன்னபோது தலையாட்டியவர்கள்தான் அத்தனை பேரும்.

மறுநாள் ஞாயிறு. நேசபாய் கோயிலில் கடைசி வரிசையில், வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். முன்னால் போய் அமர மனம் கூசியது. செய்யாத தப்புக்குக் கூச வேண்டியிருக்கிறதே என்று கோபம் வேறு. முன்வரிசையில் ஜஸ்டஸ் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார்.

வெளியே படியில் ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது. ஊரில் செருப்புப் போடுகிறவர்கள் அபூர்வம். ஜஸ்டஸின் புதுச் செருப்பு அது. தோல் வாசனைக்கு வந்த தெருநாய் ஒன்று அதில் ஒன்றைக் கவ்வி இழுத்து, ருசிக்காமல் போட்டுவிட்டுப் போனது. செருப்பு குப்புற விழுந்தது.

குதிகால் ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள். பெல்ட்டுத் தையலுக்குப் போடும் அதே இரட்டை வரிசை ஓட்டைகள்.

வெட்டி வெட்டி எடுத்த தோல் எங்கே போயிற்று என்று நேசபாய்க்குப் புரிந்தது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, ஆட்டின் வாயை மோந்து பார்த்திருக்கிறது! பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, அந்த ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு பம்பு கொட்டகைக்கு நடந்தாள். மற்றதைத் தொடவில்லை.

கொட்டகைப் பெட்டியில் குத்தூசியும் தோல்நாடாவும் இருந்தன. செருப்பின் மேல்வாரைப் பிய்த்து எறிந்தாள். அடித்தோலை அறுந்த நுனியோடு சேர்த்து வைத்தபோது ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது. பின்னாலேயே ஓடிவந்த யோவான் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குத்தூசியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். நேற்றைய 'செரி'க்கு அதுதான் அவன் மன்னிப்பு.

கோயில் விட்டதும் கூட்டம் வந்தது. ஜஸ்டஸ் வெறுங்காலோடு முன்னால் வந்தார்.

"ஓய்வுநாளுல வேலை செய்யுதா! பாத்தியளா!"

"எடுத்தத எடுத்த எடத்துல வைக்கதுக்கும் நாளு பாக்கணுமா அண்ணாச்சி?" என்றாள் நேசபாய். பெல்ட்டைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். தோல்பட்டையின் நடுவே பாதம் போல் வளைந்து கிடந்தது ஒரு துண்டு. "எனக்க கைய மோந்தியளே. இத ஒருக்கா மோந்து பாருங்க. யாருக்க காலு மணக்குது?"

யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவளை முறைக்கவும் இல்லை. ஜஸ்டஸ் மட்டும் தன் காலைப் பார்த்தார்.

திங்கட்கிழமை, முறைத்தவர்களே பாரை போட்டு எஞ்சினைச் சற்றுப் பின்னால் நெம்பி, போல்ட்டை முறுக்கினார்கள். எஞ்சின் ஓடியது. செருப்புத்தோல் சக்கரத்தில் ஏறும் ஒவ்வொரு சுற்றுக்கும் 'தப்' என்று ஓர் அடி கேட்டது. முதல் தண்ணீர் நேசபாயின் வாழைக்குப் போனது. அந்தச் சத்தம் ஜஸ்டஸின் வீடுவரை கேட்டது.

மற்றச் செருப்பு கோயில் படியிலேயே கிடந்தது. அதை எடுக்க ஜஸ்டஸ் வரவில்லை. எடுத்தால் தன்னுடையது என்று ஆகிவிடுமே. அடுத்த ஞாயிறு கோயில் கூட்டிப் பெருக்க வந்த பெண் அதைத் தூக்கி எறியப் போனாள்.

"கெடக்கட்டு ஏட்டி," என்றாள் நேசபாய். "அடுத்த தடவ பெல்ட்டு அறும்போ வேணும்."