மூன்றால் வகுபடாத பிளசி

...ஆகவே கடைசி இலக்கம் ஒன்று, மூன்று, ஏழு, ஒன்பது, இவற்றில் ஏதோ ஒன்றுதான், இரட்டைப்படை ஆகாது, ஐந்தும் ஆகாது, ஏனென்றால் பிளசியின் நம்பர் பகா எண், அது மட்டும் நிச்சயம், முதல் எட்டு இலக்கமும் ஞாபகம் இருக்கிறது, மீதி இரண்டும் என் போனோடு சித்தேரி மலைப் பள்ளத்தில் கிடக்கின்றன. பஸ் ஜன்னலில் கையை நீட்டி மேகத்தைப் படம் எடுத்தவன் நான், எம்.எஸ்சி. கணிதம், இரண்டாம் ஆண்டு. ஐந்து மணிக்குப் பாப்பாரப்பட்டியில் அவளை ஓலை எழுதப் பங்குச் சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள், மாப்பிள்ளை ஓசூர்க்காரன், எழுதிவிட்டால் ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பாக வாசித்துவிடுவார்கள். "அதுக்குள்ள போன் பண்ணி, வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லு. சாமியார் சம்மதமான்னு கேக்கறப்ப இல்லைன்னுடறேன். போன் வரலைன்னா நீ பயந்துட்டேன்னு நெனச்சுக்கறேன்" என்றாள். பயப்படவில்லை பிளசி, வகுத்துக்கொண்டிருக்கிறேன்...

கடைசி இரண்டு இலக்கத்துக்கு உள்ள நூறு வாய்ப்பில் நாற்பது மிஞ்சியது, மூன்றால் வகுபடுகிற பன்னிரண்டைத் தள்ளியாயிற்று, இருபத்தெட்டு. பத்து இலக்க எண்களில் இருபத்துமூன்றுக்கு ஒன்றுதான் பகா எண்ணாக அமையும், அப்படியானால் நூறில் நாலு பிளசிகள், நாலு பேரையும் கூப்பிட்டுவிடலாம், ஆனால் அந்த நாலைப் பிடிக்க லட்சத்துக்குப் பக்கம் வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுக்க வேண்டும், ஒன்பதாயிரம் சொச்சம், மலையிலோ நாலைந்து வளைவுதான் பாக்கி. உன் நம்பர் பகா எண் தெரியுமா என்று பெருமையாகச் சொன்னபோது என்ன கேட்டாள்? "அதுக்கு ரீசார்ஜ்ல எதாச்சும் கொறைப்பாங்களா?" கணிதத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் மதிப்பிட்டதில்லை. பக்கத்து சீட்டில் சாமை மூட்டையோடு வந்த அம்மா, பெயர் கண்ணம்மாளாம், என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏங் கண்ணு, வெரல மடக்கிக்கிட்டே வர்ற, பரிச்சைல போயிருச்சா?" இல்லீங்க, ஒரு நம்பர் மறந்துபோச்சுங்க. "வூட்டு நம்பரா?" இன்னும் வூடு ஆவலீங்க. அவர் சிரிக்கவில்லை, இடுப்புச் சுருக்கிலிருந்து பட்டன் போனை எடுத்து நீட்டினார், "அடிவாரத்துல டவர் கெடைக்கும். போட்டுப் பாரு."

அடிவாரம். டவர் வந்த வேகத்தில் அவருக்கு ஒரு தவறிய அழைப்பு திரையில் விழுந்தது, முன்னால் கூட்டல் குறி, தொண்ணூற்றொன்று, அப்புறம் நம்பர்... தொண்ணூற்றொன்று. பகா எண்ணா என்று அன்றைக்கு நான் எதைச் சோதித்தேன்? அவள் வாட்ஸப்பில் அனுப்பியதை அப்படியே நகலெடுத்து ஒட்டினேன், கம்ப்யூட்டர் பகா எண் என்றது, எதை என்றது, பத்து இலக்கத்தையா பன்னிரண்டையா? முன்னால் தொண்ணூற்றொன்று ஒட்டியிருந்தால் பகா எண் அவள் நம்பரே இல்லை, இந்தியாவும் பிளசியும் சேர்ந்த எண், மூன்றால் வகுபடுகிற பத்து இலக்கம் தொண்ணூற்றொன்று ஒட்டினால் வகுபடாது... "நாலே முக்கா ஆவுது கண்ணு, போடு." எட்டு இலக்கத்தை அழுத்திவிட்டேன், விரல் நிற்கிறது, மூன்றால் வகுபடுகிறவர்கள் என்று வளைவுக்கு வளைவு நானே இறக்கிவிட்டு வந்த பன்னிரண்டு பேரில் பிளசியும் நின்றுகொண்டிருக்கலாம்.