திறக்காத டிபன் கேரியர்

"கொச்சியைப் பாக்க வர்றேன். கை நனைக்க மாட்டேன்" என்று கிளம்பும்போதே மாரப்பன் மகள் ஜனனியிடம் சொல்லிவிட்டார்.

கல்யாணப் பேச்சு முடியாதபோது மாப்பிள்ளை வீட்டார் தரும் சோற்றைத் தொட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்தும் அவருக்குச் சம்மதமில்லை. ஜனனி கட்டிக்கொள்ள நினைக்கும் இளங்கோவின் தகப்பன் அந்தோணிராஜ், குன்னத்தூரில் மாரப்பன் குடும்பத்துத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவரின் மகன். இப்போது கொச்சித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார்.

அந்தோணிராஜ் வற்புறுத்தவில்லை. எர்ணாகுளத்தில் அப்பாவையும் மகளையும் படகேற்றி, மட்டாஞ்சேரி அரண்மனை, சுக்கு மணக்கும் பழைய கிடங்குகள், தேவாலயம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அவர் மனைவி கோமளா கட்டிக்கொடுத்த டிபன் கேரியர் கையில் தொங்கிக்கொண்டே வந்தது. மணி இரண்டாகிவிட்டது.

"நீங்க சாப்பிடுங்க. எனக்காகப் பாக்க வேண்டாம்" என்றார் மாரப்பன்.

"விருந்தாளி பசியோட இருக்கறப்ப எனக்கு எறங்காதுங்க."

இவனுக்கும் முதுகு வளையாது போலிருக்கிறது என்று மாரப்பன் நினைத்துக்கொண்டார்.

கடற்கரையில் சீன வலைகளைப் பார்த்து நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏனுங்ணா, நீங்களும் இங்கயா?"

காதர்பேட்டையில் கடை வைத்திருக்கும் பங்காளி தரணீதரன். குடும்பத்தோடு சுற்றுலா வந்தவன் அந்தோணிராஜை மேலும் கீழும் பார்த்தான்.

"இவன் உங்க தோட்டத்து ஆளோட பையனல்ல? பரவால்லீங்ணா, சோத்துப் பாத்தரம் தூக்க ஆள் வெச்சுட்டுத்தான் ஊர் சுத்தறீங்க. டேய், அந்தக் கடையில நாலு டீ சொல்லு."

அறுபதை நெருங்கும் அந்த மனிதர் அசையவில்லை. கேரியரை மட்டும் கை மாற்றிக்கொண்டார். ஜனனி தரணீதரனைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள்.

மாரப்பனுக்குக் காது சுட்டது. காலையிலிருந்து தன்னோடு பட்டினி கிடக்கும் மனிதரைத் தன் கண்ணெதிரே 'டேய்' என்கிறான். இவன் மாதிரிப் பங்காளிகளின் வாய்க்குப் பயந்தா இத்தனை நேரம் வயிற்றைக் காயப்போட்டோம்?

"தரணி, மரியாதையாப் பேசு. இவர் என் சம்பந்தி."

"வெளையாடாதீங்ணா."

"நான் என்னைக்கு வெளையாடியிருக்கறேன்?"

அவர் அங்கேயே கல்திட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"கேரியரைத் தொறங்க, சம்பந்தி. ஜனனி, தண்ணி எடு."

அவள் நீட்டிய தண்ணீர் பாட்டிலை வாங்கி முதலில் அந்தோணிராஜின் கையில் ஊற்றினார். பிறகு தன் கையை நீட்டினார். அந்தோணிராஜ் பாட்டிலை வாங்கி ஊற்றினார்.

"நீயும் உக்காரு தரணி. மீன் கொழம்பு."

"இல்லீங்ணா, வயிறு ஒரு மாதிரியா இருக்குது."

"அப்ப ஊருக்குப் போயிச் சொல்லு. பங்காளி ஊடு ஒண்ணு விடாமச் சொல்லு. மாரப்பன் கை நனைச்சுட்டான், நாலு பேர் பாக்க உக்காந்து நனைச்சான்னு."

தரணீதரன் நகரும் வரை அவர் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழம்பில் காரம் அதிகம். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.