விசாக் கிளி

தியாகராசா முதலாளி நல்ல மனுஷன்தான், கண்தான் சரியில்லை. இல்லாவிட்டால் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தீபாவளிக்கென்று, கடும் மஞ்சளில் கரை முழுக்கப் பச்சைக் கிளி போட்ட நாற்பது சாறிகளை யாராவது மெட்ராசிலிருந்து இறக்குவார்களா? வெள்ளவத்தையில் ஒருத்தியும் அதைத் தொடவில்லை. பழி மட்டும் கடையில் சாறி விற்கிற என் தலையில் விழுந்தது.

"கௌரி, தீபாவளிக்கிடையில இதுகள் போகாட்டி, நீர் வீட்டில இருந்து கிளி வளர்க்கலாம்."

வேலை போனால் நானும் அம்மாவும் இருக்கிற அறையைக் காலி பண்ண வேண்டியதுதான். அந்த நேரம் கடையில் நின்ற ஒரே ஆள் பத்மாவதி ரீச்சர். மானிப்பாயில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கனடாவில் மகனுக்குக் கலியாணம்; இரண்டு தரம் விசா மறுத்துவிட்டார்கள். பக்கத்து லொட்ஜில் தங்கி, மூன்றாவது நேர்முகத்துக்குச் சாறி பார்க்க வந்திருந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா?

"ரீச்சர், இந்தக் கிளியளைப் பாருங்கோ. எல்லாம் வெளிப்பக்கம் பாக்குது. அந்தக் காலத்தில கடல் கடக்கிற ஆக்களுக்கெண்டே நெய்த கரை. உள்ளுக்குப் பாத்தால் ஊரிலயே இருத்திப்போடும். நடுவில இந்தக் கட்டம் இருக்கெல்லே, அது முத்திரை குத்துற இடம்."

ரீச்சர் கரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"ஓம், அப்பிடித்தான் கிடக்கு," என்று ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் அவருடைய லொட்ஜிலிருந்து நாலு பேர் வந்தார்கள். பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்தும் பஸ் ஏறி வந்து, "விசாக் கிளி இருக்கோ?" என்று கேட்டார்கள். பத்தே நாளில் நாற்பதும் முடிந்தது. முதலாளி தன் கண்ணைத் தானே மெச்சிக்கொண்டார்.

நேர்முக நாளன்று மத்தியானம், கடைக்கு வந்த ஒரு பெண் சொன்னாள்: விசாக் கந்தோர் வரிசையில் பதினொரு பேர் ஒரே கிளிச் சாறியாம். எல்லாரையும் ஒரே கள்ள ஏஜென்ட் அனுப்பியிருக்கிறான் என்று அதிகாரிக்குச் சந்தேகமாம். முதலில் ரீச்சரைத்தான் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள்.

என் வேலைக்காக ஒரு தாயின் பயணத்தையே கெடுத்துவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் ரீச்சர் அதே மஞ்சள் சாறியில் வந்து கதிரையில் இருந்தார்.

"எந்த ஏஜென்ட் எண்டு அதிகாரி கேட்டார். ஏஜென்ட் இல்லை, கடையில ஒரு பொய்க்காரப் பெட்டை எண்டு சொன்னன்."

"ரீச்சர்..."

"நான் முப்பது வருஷம் தையல் படிப்பிச்சனான், பிள்ளை. நெய்த கரைக்கும் அச்சடிச்ச கரைக்கும் வித்தியாசம் தெரியாதே? ஆனால் உம்மட முதலாளி சொன்னது என்ர காதில விழுந்தது. அதுதான் லொட்ஜ் லொட்ஜாப் போய் நானே கதை பரப்பினனான். அதிகாரியிட்டயும் அப்பிடியே சொன்னன். தமிழில கேட்டுச் சொல்ல இருந்த பெடியனுக்குச் சிரிப்பு அடங்கேல்லை. பிறகு அதிகாரியும் சிரிச்சார்."

கைப்பையைத் திறந்து பாஸ்போட்டைக் காட்டினார். விசா இருந்தது. வெட்கத்திலும் சந்தோஷத்திலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கலியாணத்துக்கு ஒரு சாறி காட்டும். கரையில ஒண்டும் பறக்கக்கூடாது."

அரக்கு நிறத்தில் ஒன்றை விரித்தேன். கரையில் சின்னச் சின்னப் பூ. வாயே திறக்கவில்லை.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று ரீச்சர் கேட்டார்.

"ஒண்டுமில்லை ரீச்சர். நல்ல சாறி."

"அப்ப அதையே சுத்தித் தாரும்."